மீன்கள் செத்துப்போன தொட்டியை மீட்டெடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மீன் வளர்க்கிறேன் என்று தெரிந்தவர்கள், அவர்கள் வீட்டு மீன் செத்த மறுநாள்தான் எனக்குப் போன் செய்வார்கள். தொட்டியின் படமும் கூடவே வரும். பெரும்பாலும் அது காலித் தொட்டியாக, கழுவித் துடைத்துப் பளபளவென்று இருக்கும். அந்தப் பளபளப்பைப் பார்த்தாலே எனக்குக் கவலையாகிவிடும். ஏன் என்பது 2-ஆம் கேள்வியில் வருகிறது. ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சலித்ததால், கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாமே நன்னீர்த் தொட்டிக்கானவை. கடல்நீர்த் தொட்டி வேறு கதை.

1. தண்ணி கண்ணாடி மாதிரி தெளிவாத்தானே இருந்துச்சு, அப்புறம் எப்படித் தண்ணியால செத்துச்சுன்னு சொல்றீங்க?

மீனைக் கொல்லும் சமாச்சாரம் கண்ணுக்குத் தெரியாது. மீன் தன் செவுள் வழியாக நாள் முழுக்க அம்மோனியாவை வெளியேற்றுகிறது. தின்னாமல் மிஞ்சிய தீனியும், கழிவும், அழுகும் இலையும் அதோடு சேர்கின்றன. அம்மோனியாவுக்கு நிறம் கிடையாது. மீனைக் கொல்லும் அளவுக்கு இருந்தாலும் பெரும்பாலும் நம் மூக்குக்கு வாடை எட்டாது.

நன்றாக ஓடும் தொட்டியில் இதைக் கவனித்துக்கொள்ள இரண்டு வகைப் பாக்டீரியாக்கள் இருக்கின்றன. ஒன்று அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. இன்னொன்று நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. முதல் இரண்டும் விஷம். மூன்றாவது, அளவு மீறாதவரை மீனை ஒன்றும் செய்யாது. நாம் வாராவாரம் தண்ணீர் மாற்றும்போது அது வெளியே போய்விடும். புதுத் தொட்டியில் இந்தப் பாக்டீரியாக்கள் இன்னும் குடியேறியிருக்காது. பழைய தொட்டியில் நாமே அவற்றைக் கொன்றிருப்போம்.

2. மீன் செத்ததும் தொட்டியை சோப்பு போட்டுக் கழுவி, கல்லையெல்லாம் வெயில்ல காயவெச்சுட்டேன். நல்லதுதானே?

இல்லை. அந்தப் பாக்டீரியாக்கள் தண்ணீரில் மிதப்பது மிகக் குறைவு. பில்டர் ஸ்பாஞ்சிலும், கல்லிலும், கண்ணாடியின் உள்பக்கத்திலும் படலமாக ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன. சோப்பும் வெயிலும் அவற்றை மொத்தமாக முடித்துவிடும். கழுவிய தொட்டியில் புது மீன் விட்டால் இரண்டே வாரத்தில் இன்னொரு போன் வரும்.

நானும் இதைச் செய்தவன்தான். ஸ்பாஞ்ச் கறுத்துப் போயிருந்ததைப் பார்த்து, குழாயடியில் வைத்து வெள்ளையாகும்வரை பிழிந்து பிழிந்து அலசினேன். எனக்கு அதில் அப்படியொரு திருப்தி. ஐந்தாம் நாள் பதினொரு மீன்கள். கையில் வழவழவென்று பட்ட அந்தப் பழுப்புப் படலத்தை நான் அழுக்கு என்று நினைத்திருந்தேன். தொட்டியின் உயிரே அதில்தான் இருந்தது.

நீங்கள் ஏற்கெனவே கழுவிவிட்டீர்கள் என்றால் கவலைப்பட்டுப் பயனில்லை. சோப்பு வாடை துளியும் இல்லாமல் பலமுறை அலசிவிட்டு, 7-ஆம் கேள்விக்குப் போங்கள்.

3. அப்போ கழுவவே கூடாதா? செத்த மீன் கிடந்த தண்ணியாச்சே?

தண்ணீரை மாற்றுங்கள், தொட்டியைத் தேய்க்காதீர்கள். முதலில் செத்த மீன்கள் எல்லாவற்றையும் எடுங்கள். செடிக்குள்ளும் பில்டருக்குப் பின்னாலும் ஒன்றிரண்டு சிக்கியிருக்கும். எண்ணிப் பார்த்துக் கணக்கு இடிக்கிறதா என்று பாருங்கள். பிறகு சைபன் குழாயைக் கல்லுக்குள் குத்திக் குத்தி அடியில் தங்கிய கசடை உறிஞ்சியபடி, பாதித் தண்ணீரை இறக்குங்கள். குளோரின் நீக்கிய தண்ணீரை ஊற்றுங்கள். மறுநாள் இன்னொரு பாதி.

ஸ்பாஞ்ச் அடைத்திருந்தால், இறக்கிய தொட்டித் தண்ணீர் ஒரு வாளியில் இருக்குமே, அதற்குள்ளேயே முக்கி இரண்டு மூன்று முறை மெல்லப் பிழிந்தால் போதும். தண்ணீர் தடையில்லாமல் போக வேண்டும், அவ்வளவுதான். ஸ்பாஞ்ச் பழுப்பாக இருக்கட்டும். முகர்ந்து பாருங்கள்: மழை பெய்த மண் வாடை வந்தால் நலமாக இருக்கிறது, அழுகிய முட்டை வாடை வந்தால் உள்ளே செத்துப்போயிருக்கிறது. ஒரு எச்சரிக்கை: 13-ஆம் கேள்வியைப் படிக்காமல் ரொம்ப நாள் தண்ணீர் மாற்றாத தொட்டியில் பாதித் தண்ணீரை மாற்றாதீர்கள்.

4. நோயால செத்துச்சா, தண்ணியால செத்துச்சான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

எப்படிச் செத்தன என்பதை யோசித்துப் பாருங்கள். ஓரிரு நாளுக்குள், பல இன மீன்கள் சேர்ந்தாற்போல் செத்திருந்தால் முதலில் தண்ணீரைச் சந்தேகியுங்கள். ஒன்று, மூன்று நாள் கழித்து இன்னொன்று என்று போய், உடலில் உப்புத் தூவியது போன்ற வெள்ளைப் புள்ளிகளோ, பஞ்சு போன்ற பூசணமோ, அரித்த துடுப்போ இருந்தால் நோய். ஆனாலும் மோசமான தண்ணீரில் கிடந்து நலிந்த மீனுக்குத்தான் நோய் சுலபமாக வரும் என்பதால், இரண்டும் சேர்ந்தே இருப்பதும் உண்டு.

தண்ணீர்தான் காரணம் என்றால், அதில் என்ன கோளாறு என்பதற்கும் சில தடயங்கள் உண்டு. அம்மோனியாவில் செவுள் சிவந்து வீங்கும், மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். நைட்ரைட்டில் செவுள் பழுப்பாகிவிடும். தண்ணீர் மாற்றிய சில மணி நேரத்துக்குள் எல்லாம் துடித்துப் போனால் குளோரின். இரவு நன்றாக இருந்து, விடியற்காலையில் பெரிய மீன்கள் மட்டும் செத்துக் கிடந்தால் ஆக்சிஜன் பற்றாக்குறை. நோய் என்று உறுதியானால் மட்டுமே தொட்டியை முழுசாகக் கிருமிநீக்கம் செய்ய வேண்டும். அப்போது பாக்டீரியாக்களும் போய்விடும், திரும்ப முதலிலிருந்துதான்.

5. டெஸ்ட் கிட் வாங்கித்தான் ஆகணுமா? பார்த்தே சொல்ல முடியாதா?

என்னால் முடியாது. இருபது வருடம் வளர்த்தவர்களாலும் முடியாது என்றே நினைக்கிறேன். அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பிஎச் (தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் அளவு) ஆகிய நான்கும் கட்டாயம். கேஎச் என்ற ஐந்தாவது ஒன்றும் இருந்தால் நல்லது (12-ஆம் கேள்வியில் அது வரும்). முக்கி எடுக்கும் அட்டையைவிட, சொட்டு விட்டு நிறம் பார்க்கும் திரவக் கிட்டை நம்பலாம். அட்டைகள் பலவற்றில் அம்மோனியாவே இருக்காது. நமக்கு முதலில் வேண்டியதே அதுதான்.

கிட்டோடு வரும் சோதனைக் குழாயில் குறித்த கோடு வரை, பெரும்பாலும் 5 மில்லி, தொட்டித் தண்ணீரை எடுங்கள். பாட்டிலைச் செங்குத்தாகப் பிடித்துச் சொட்டுகளை எண்ணுங்கள். சாய்த்துப் பிடித்தால் சொட்டின் அளவு மாறும். கிட்டில் சொன்ன நிமிடம் கழிந்ததும், பின்னால் வெள்ளைக் காகிதத்தை வைத்து, கிட்டின் நிற அட்டையோடு பகல் வெளிச்சத்தில் நிறத்தை ஒப்பிடுங்கள். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, இல்லாத பச்சையைக் கண்டு பயந்தவர்களும் உண்டு. நைட்ரேட்டின் இரண்டாவது பாட்டிலை அரை நிமிடமாவது கை வலிக்கக் குலுக்க வேண்டும். அடியில் படிந்த பொடி கலக்காவிட்டால் எப்போதும் குறைத்தே காட்டும்.

அம்மோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் லிட்டருக்கு 20 மில்லிகிராமைச் சுற்றி, 40-ஐத் தாண்டாமல்: இது குடியிருக்கத் தகுந்த தண்ணீர். நீங்கள் ஊற்றும் குழாய்த் தண்ணீரையும் ஒருமுறை சோதித்து எழுதி வையுங்கள். அதிலேயே நைட்ரேட் இருப்பதுண்டு.

6. அம்மோனியா 1-ன்னு காட்டுது. ஆனா மீன் நல்லாத்தானே நீந்துது?

உங்கள் பிஎச் எவ்வளவு என்று பாருங்கள். தண்ணீரில் அம்மோனியா இரண்டு வடிவங்களில் இருக்கும். ஒன்று அம்மோனியா, கொடிய விஷம். மற்றது அம்மோனியம், அவ்வளவு தீங்கில்லாதது. கிட் இரண்டையும் கூட்டித்தான் காட்டுகிறது. எது எவ்வளவு என்பதைப் பிஎச்சும் வெப்பமும் தீர்மானிக்கின்றன. 25 டிகிரியில் பிஎச் 7 என்றால் மொத்தத்தில் 1 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் விஷ வடிவம். பிஎச் 8 என்றால் 5 சதவீதத்துக்கு மேல். அதே பிஎச் 8-இல் தண்ணீர் 30 டிகிரிக்குச் சூடானால் 7 சதவீதத்தைத் தாண்டும்.

அதனால் ஒருவர் வீட்டில் 1 காட்டியும் மீன் பிழைத்திருக்கும், இன்னொருவர் வீட்டில் அதே 1-க்கு மீன் மிதக்கும். உங்கள் மீன் நீந்துவது பிஎச்சின் தயவில். 13, 17-ஆம் பதில்களுக்கும் இது வேண்டும், மனதில் வைத்திருங்கள்.

7. காலித் தொட்டியை மறுபடி எப்படித் தயார் பண்றது? எத்தனை நாள் ஆகும்?

நான்கு முதல் ஆறு வாரம். சொன்னதும் எதிர்முனையில் ஒரு பெருமூச்சு கேட்கும். இந்தப் பாக்டீரியாக்கள் தயிர் உறைவது போல ஒரே ராத்திரியில் பெருகுபவை அல்ல. ஒரு மடங்கு இரண்டாக முக்கால் நாள், ஒரு நாள் எடுத்துக்கொள்ளும்.

மீன் இல்லாமலே தயார் செய்வதுதான் என் சிபாரிசு. தொட்டியில் தண்ணீர் நிரப்பிக் குளோரினை நீக்குங்கள். பில்டரும் ஏர் பம்பும் இரவு பகலாக ஓடட்டும். தண்ணீர் 26 முதல் 28 டிகிரியில் இருந்தால் வேலை சுறுசுறுப்பாக நடக்கும். அப்புறம் மீனின் வேலையை நீங்கள் செய்ய வேண்டும், அதாவது அம்மோனியா கொடுக்க வேண்டும். அம்மோனியம் குளோரைடு பொடி கிடைத்தால், லிட்டருக்கு 2 மில்லிகிராம் அம்மோனியா வரும் அளவு: 60 லிட்டர் தொட்டிக்கு அரை கிராமுக்கும் கொஞ்சம் குறைவு. பொடி இல்லையென்றால் தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டு அழுக விடலாம். வாடை வரும், அளவும் கையில் நிற்காது, ஆனாலும் நடக்கும்.

இரண்டு நாளுக்கு ஒருமுறை சோதித்து ஒரு நோட்டில் எழுதுங்கள். முதல் வாரம் ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். பிறகு ஒருநாள் அம்மோனியா இறங்கும், நைட்ரைட் ஏறும். அந்த நைட்ரைட் இறங்குவதற்குத்தான் அதிக நாளாகும். பலர் பொறுமை இழந்து மீன் வாங்கி வருவது சரியாக இந்த இடத்தில்தான். அம்மோனியா 0-க்கு வரும்போதெல்லாம் மறுபடி 2 வரை கொடுத்துக்கொண்டே இருங்கள். இன்று கொடுத்த 2, நாளை இதே நேரத்துக்குள் அம்மோனியாவும் 0, நைட்ரைட்டும் 0 ஆகிவிட்டால் தொட்டி தயார். நைட்ரேட் தாறுமாறாக ஏறியிருக்கும். முக்கால்வாசித் தண்ணீரை மாற்றிவிட்டு மீன் விடுங்கள்.

8. ஒன்றரை மாசமா? சுருக்கு வழி எதுவும் இல்லையா?

ஒன்று இருக்கிறது. நன்றாக ஓடும் தொட்டி வைத்திருப்பவரிடம் அவர் பில்டர் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு கேளுங்கள். ஒரு பிடிக் கல்லாவது கேளுங்கள். தொட்டித் தண்ணீரில் நனைந்தபடியே கொண்டுவந்து, அன்றே உங்கள் பில்டருக்குள் வைத்துவிட்டால் ஆறு வாரம் இரண்டு வாரமாகக் குறையலாம். அவர் தொட்டியில் நோய் எதுவும் இல்லை என்று தெரிந்திருக்க வேண்டும். ஸ்பாஞ்ச் கொடுக்காமல் ஒரு வாளிப் பழைய தண்ணீர் மட்டும் கொடுத்தால் நன்றி சொல்லிவிட்டு வாருங்கள். தண்ணீரில் பாக்டீரியா சொற்பம் என்று 2-ஆம் பதிலில் சொன்னேன்.

பாட்டிலில் விற்கும் பாக்டீரியா சில சமயம் உதவுகிறது, சில சமயம் ஊற்றியதற்கு அடையாளமே இருப்பதில்லை. வெயிலில் கிடந்த பாட்டிலும், காலாவதியான பாட்டிலும் வீண். எதை ஊற்றினாலும் சோதிக்காமல் மீன் விடாதீர்கள்.

9. ரெண்டு மூணு மீன் பிழைச்சிருக்கு. அதைத் தனியா கிண்ணத்துல வைக்கட்டுமா?

வேண்டாம், அங்கேயே இருக்கட்டும். கிண்ணத்தில் தண்ணீர் குறைவு, அதனால் அம்மோனியா இன்னும் வேகமாக ஏறும். பில்டரும் இருக்காது. தினமும் சோதியுங்கள். அம்மோனியாவோ நைட்ரைட்டோ 0.5-ஐத் தொட்டால் அன்றே மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை தண்ணீர் மாற்றுங்கள். தண்ணீர் மாற்றினால் பாக்டீரியா வளராது என்பது கட்டுக்கதை.

தீனியைக் குறையுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை, ஒரு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. வளர்ந்த, நலமான மீன் ஒரு வாரம் பட்டினி கிடந்தாலும் சாகாது. உள்ளே போகாத தீனி அம்மோனியாவாகவும் ஆகாது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் தீனி டப்பாவை மேல் அலமாரியில் ஏற்றிவிடுவது நல்லது. “பாவம், பசிக்கும்” என்று ஒரு கை அள்ளிப் போட்டுவிடுவார்கள்.

10. உப்பு போடச் சொல்றாங்களே, எவ்வளவு போடணும்?

எதற்காக என்று முதலில் கேளுங்கள். நைட்ரைட் மீனின் ரத்தத்துக்குள் புகுந்து, ஆக்சிஜனைச் சுமக்க முடியாதபடி அதைப் பழுப்பாக்கிவிடுகிறது. நைட்ரைட் உள்ளே நுழையும் அதே செவுள் வாசல் வழியாகத்தான் உப்பில் இருக்கும் குளோரைடும் நுழைகிறது. குளோரைடு நிறைய இருந்தால் நைட்ரைட்டுக்கு இடம் கிடைக்காது. இதற்கு 10 லிட்டருக்கு 1 கிராம் போதும். கரைத்து ஊற்றுங்கள். கைப்பிடி கைப்பிடியாக அள்ளிப் போட வேண்டாம்.

அம்மோனியாவுக்கு உப்பு மருந்து அல்ல. தண்ணீர் ஆவியானாலும் உப்பு ஆவியாகாது. ஆகவே குறைந்த தண்ணீருக்கு ஈடு ஊற்றும்போது மறுபடி உப்புச் சேர்க்கக் கூடாது. மாற்றிய தண்ணீருக்கு மட்டும் கணக்குப் போட்டுச் சேருங்கள்.

11. குழாய்த் தண்ணியை ஒரு நாள் வாளியில வெச்சு ஊத்தினா போதுமா?

குளோரின் மட்டும் கலந்த தண்ணீர் என்றால் போதும். திறந்த வாளியில் ஒரு நாள் வைத்தால் வெளியேறிவிடும். ஏர் கல் போட்டுக் குமிழ விட்டால் இன்னும் சீக்கிரம். குளோரமின் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த கிருமிநாசினி) கலந்த தண்ணீர் என்றால் ஒரு நாளில் போகாது. அதற்கு ஆன்டி குளோரின் சொட்டு மருந்து வேண்டும். குளோரமினை உடைக்கும்போது கொஞ்சம் அம்மோனியா வெளியாகும் என்பதால், அம்மோனியாவையும் கட்டிப்போடும் மருந்தாகப் பார்த்து வாங்குங்கள். குளோரின் மீனை மட்டுமல்ல, பில்டரில் இருக்கும் பாக்டீரியாவையும் கொல்லும்.

போர் தண்ணீரில் குளோரின் இருக்காது. ஆனால் எடுத்தவுடன் அதில் ஆக்சிஜன் குறைவாகவும் கரியமில வாயு அதிகமாகவும் இருக்கலாம். அதையும் ஒரு நாள் குமிழ விட்டு ஊற்றுவது நல்லது.

12. ஆர்ஓ தண்ணி தான் சுத்தம். அதையே ஊத்திடலாமே?

ஆர்ஓ தண்ணீரில் தாது உப்புகள் கிட்டத்தட்ட எதுவும் இல்லை. பிஎச்சைத் தாங்கிப் பிடிக்கும் கார்பனேட்டும் இல்லை. அந்தத் தாங்கும் சக்தியின் அளவைத்தான் கேஎச் என்கிறோம். பாக்டீரியாக்கள் அம்மோனியாவை மாற்றும்போது அமிலம் உண்டாகிறது. அந்த அமிலம் கேஎச்சைத் தின்கிறது. 1 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் மாறுவதற்கு ஏறத்தாழ 7 மில்லிகிராம் காரத்தன்மை செலவாகிறது. கேஎச் தீர்ந்ததும் பிஎச் மடமடவென்று விழும். பிஎச் 6-க்குக் கீழே போனால் பாக்டீரியாக்கள் ஏறக்குறைய வேலை நிறுத்தம் செய்துவிடும்.

குழாய்த் தண்ணீர் மிகக் கடினமாக இருந்தால் ஆர்ஓவைப் பாதிக்குப் பாதி கலக்கலாம். கேஎச்சை ஏற்ற வேண்டுமானால், 100 லிட்டருக்கு 3 கிராம் சமையல் சோடா ஒரு டிகிரி ஏற்றும். ஒரு நாளில் ஒரு டிகிரிக்கு மேல் வேண்டாம். கழுவிய சிப்பி ஓட்டை ஒரு வலைப்பையில் கட்டிப் பில்டருக்குள் வைத்தால் அது தன் பாட்டுக்கு மெதுவாகக் கரைந்துகொண்டிருக்கும்.

13. ரெண்டு வருஷம் நல்லா இருந்த தொட்டி. தண்ணி மாத்தின மறுநாளே எல்லாம் போச்சு. அப்போ தண்ணி மாத்துறதுதானே தப்பு?

எனக்கு வருவதிலேயே வேதனையான போன் இது. அக்கறையாக ஒருநாள் உட்கார்ந்து சுத்தம் செய்தவருக்குத்தான் இது நடக்கும்.

மாதக்கணக்கில் தண்ணீர் மாற்றாமல், ஆவியானதற்கு மட்டும் ஈடு ஊற்றிக்கொண்டிருந்த தொட்டியில், 12-ஆம் பதிலில் சொன்னபடி கேஎச் தீர்ந்து பிஎச் 6-க்கு வந்திருக்கும். பாக்டீரியாக்கள் ஓய்ந்துவிட்டதால் அம்மோனியா சேர்ந்துகொண்டே போயிருக்கும். ஆனால் 6-ஆம் பதிலில் பார்த்தோமே, அந்த பிஎச்சில் எல்லாம் அம்மோனியமாகவே இருக்கும். மீனும் மெல்ல மெல்லப் பழகியிருக்கும். இப்போது பிஎச் 8 உள்ள புதுத் தண்ணீரைப் பாதி ஊற்றுகிறீர்கள். மொத்த அம்மோனியா 5 இருந்தது என்றால் 2.5 ஆகக் குறைகிறது, சரிதான். ஆனால் தொட்டியின் பிஎச் 8-ஐ நெருங்கினால், விஷ வடிவம் முன்பு இருந்ததைப்போல நாற்பது மடங்குக்கு மேல் எகிறிவிடும்.

எனவே ரொம்ப நாள் தொடாத தொட்டியை முதலில் சோதியுங்கள். பிஎச் 6.5-க்குக் கீழே, அம்மோனியாவும் இருக்கிறது என்றால் நாளுக்குப் பத்தில் ஒரு பங்கு மட்டும் மாற்றுங்கள். அம்மோனியாவைக் கட்டும் மருந்தைக் கூடவே விடுங்கள். அம்மோனியா இறங்கி, பிஎச் மெல்ல ஏற இரண்டு வாரம் ஆகட்டும். அதன் பிறகு வாரம் கால்வாசி என்ற வழக்கத்துக்கு வந்துவிட்டால் இந்த நிலை திரும்ப வராது.

14. புதுசா தண்ணி நிரப்பினேன், மூணாம் நாள் பால் கலந்த மாதிரி ஆயிடுச்சு. மாத்திடவா?

வேண்டாம். கழிவைத் தின்னும் வேறு வகைப் பாக்டீரியாக்கள் தண்ணீரில் திடீரெனப் பெருகியிருக்கின்றன. சில நாளில் தானே தெளியும். அவை ஆக்சிஜனை இழுக்கும் என்பதால் ஏர் பம்பை நிறுத்தாதீர்கள். மீன் இருந்தால் அம்மோனியாவைச் சோதித்து 9-ஆம் பதில்படி நடந்துகொள்ளுங்கள்.

15. கரன்ட் ஆறு மணி நேரம் இல்ல. வந்ததும் பில்டர் தானா ஓட ஆரம்பிச்சுது. பரவாயில்லையா?

ஸ்பாஞ்ச் பில்டர் என்றால் பெரும்பாலும் பரவாயில்லை. அது தொட்டிக்குள்ளேயே திறந்துதான் இருக்கிறது. வெளியே வைக்கும் மூடிய டப்பா பில்டர் என்றால் ஆபத்து. ஓட்டம் நின்ற சில மணி நேரத்தில் உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியாக்கள் சாக ஆரம்பிக்கும். கரன்ட் வந்ததும் அந்த அழுகல் தண்ணீரை அப்படியே தொட்டிக்குள் தள்ளும். ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றால் மூடியைத் திறந்து வையுங்கள். ஓட்டுமுன் உள்ளே இருக்கும் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். ஸ்பாஞ்சை 3-ஆம் பதிலில் சொன்னபடி அலசிப் போட்டு, ஒரு வாரம் அம்மோனியாவைக் கவனியுங்கள்.

கரன்ட் இல்லாத நேரத்தில் மீனுக்கு ஆக்சிஜன் வேண்டுமே? ஒரு குவளையில் தண்ணீரை மொண்டு ஒரு சாண் உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தாலே போதும். தீனி மட்டும் போடாதீர்கள்.

16. இந்தத் தடவை எத்தனை மீன் விடலாம்?

நீளம், அகலம், தண்ணீரின் உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி 1000-ஆல் வகுத்தால் லிட்டர் வரும். 60, 30, 30 என்றால் 54 லிட்டர். கல்லும் அலங்காரமும் போக 45 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் மீன் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். கப்பி, டெட்ரா போன்ற சின்ன மீனுக்கு அது ஓரளவு பொருந்தும். கோல்டு பிஷ்ஷுக்குப் பொருந்தாது. விரல் நீளத்தில் வாங்குவது ஒரு சாணைத் தாண்டி வளரும், கழிவும் ஏராளம். கண்ணாடியைச் சுத்தம் செய்யும் என்று வாங்கும் சக்கர் மீன் முழங்கை நீளம் வளரக்கூடியது.

எந்த எண்ணிக்கைக்கு வந்தாலும் ஒரே நாளில் விடாதீர்கள். 7-ஆம் பதிலில் சொன்ன 2 மில்லிகிராம் சோதனையில் தேறிய தொட்டியில் பாதியை விட்டு, இரண்டு வாரம் பார்த்துவிட்டு மீதி. இரவல் ஸ்பாஞ்சில் ஆரம்பித்த தொட்டி என்றால் மூன்று நான்கு மீன்களிலிருந்து தொடங்குங்கள்.

17. புது மீனைக் கவரோட கால் மணி நேரம் மிதக்க விட்டு, கொஞ்சம் கொஞ்சமா தண்ணி சேர்த்து விடுறேன். சரிதானே?

பக்கத்துக் கடையிலிருந்து அரை மணி நேரத்தில் வந்த மீனுக்குச் சரிதான். பல மணி நேரம் கவரில் பயணம் செய்த மீனுக்குத்தான் சிக்கல். கவருக்குள் மீன் விட்ட மூச்சில் கரியமில வாயு சேர்ந்து பிஎச் இறங்கியிருக்கும். அம்மோனியாவும் சேர்ந்திருக்கும், ஆனால் 6-ஆம் பதில்படி தீங்கில்லாத வடிவத்தில். கவரைத் திறந்ததும் வாயு வெளியேறி பிஎச் ஏறும், அம்மோனியா விஷமாகும். அந்தத் தண்ணீரிலேயே ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாகப் பழக்குவது கொடுமை.

நீண்ட பயணம் என்றால் கவரைத் திறக்காமல் மிதக்கவிட்டு வெப்பத்தை மட்டும் சமமாக்குங்கள். அப்புறம் திறந்து, சட்டென்று வலையில் பிடித்துத் தொட்டிக்கு மாற்றுங்கள். எப்படியானாலும் கவர்த் தண்ணீர் தொட்டிக்குள் போகக் கூடாது. தொட்டியில் ஏற்கெனவே மீன் இருந்தால், புதியவை இரண்டு முதல் நான்கு வாரம் வேறொரு தொட்டியில் இருந்துவிட்டு வரட்டும்.

18. நீங்க சொன்ன மாதிரியே எல்லாம் பண்ணிட்டேன். அம்மோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட்டும் 0. ஆனாலும் வாரம் ஒண்ணு சாகுது. இப்போ என்ன சொல்றீங்க?

அந்த மூன்றாவது 0-வை நான் நம்பவில்லை. செடி அடர்ந்த தொட்டியாக இல்லாமல், மீன் இருந்து, தீனியும் போட்டால் நைட்ரேட் வந்தே தீர வேண்டும். பாட்டிலைக் குலுக்கினீர்களா, தேதி முடிந்ததா என்று பாருங்கள். கிட் சரிதான் என்றால் அடுத்த சந்தேகம் ஆக்சிஜன். மீனைக் கவனிக்கும் நேரத்தை மாற்றுங்கள். செடியும் பாசியும் பகலில் ஆக்சிஜன் தரும், இரவில் அவையும் இழுக்கும். தண்ணீர் சூடாக ஆக அதில் கரையும் ஆக்சிஜனும் குறையும்: 25 டிகிரியில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல், 30 டிகிரியில் ஏழரைதான். விடியற்காலை விளக்குப் போட்டதும் மீன்கள் மேலே வாய் வைத்திருந்தால் காரணம் அதுதான். இரவு முழுக்க ஏர் பம்பு ஓடட்டும்.

அடுத்து, கல்லை ஒரு குச்சியால் கிளறிப் பாருங்கள். கறுத்த திட்டும் அழுகிய முட்டை வாடையுமாகக் குமிழ் வந்தால், கல் மட்டம் அதிகம். ஒரேயடியாகக் கிளறாமல் வாரம் ஒரு மூலையாக சைபன் செய்து குறையுங்கள். ஒரே இனத்து மீனாகச் செத்தால், விளக்கணைந்த பிறகு யார் யாரை விரட்டுகிறார்கள் என்று ஒரு டார்ச்சோடு உட்கார்ந்து கவனியுங்கள்.

இதெல்லாம் இல்லையென்றால் ஏர் பம்பு எங்கே இருக்கிறது என்று நான் கேட்பேன். அது அறையின் காற்றைத்தான் உறிஞ்சித் தண்ணீருக்குள் தள்ளுகிறது. கொசு மருந்து அடித்தாலும், சுவருக்குப் பெயின்ட் அடித்தாலும், அந்தக் காற்று குமிழாக மீனிடம் போகிறது. ஒரு நண்பர் வீட்டில் மூன்று மாதம் தேடிய காரணம், தொட்டிக்குப் பின்னால் அதே பிளக் பாயின்டில் செருகியிருந்த கொசுவிரட்டி. கழற்றி அடுத்த அறையில் மாட்டினார், சாவு நின்றது.